கூரைக்குள் ஒரு கட்டம்

“இறங்குங்க டிரைவர், இன்னும் பரண் மேலயே உட்கார்ந்திருக்கீங்க,” என்றாள் கட்டிலில் படுத்திருந்த அவள், கண்ணைத் திறக்காமலேயே.

டிரைவர் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். சொன்னது சரிதான். எக்ஸுக்குத் தலைமேல் இரண்டு போடச் சொன்னாள், போட்டார். போட்ட பிறகு அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டிக் கீழே இறங்க வேண்டும், அதை மறந்துவிட்டார். அடுத்து அடித்த கூட்டல், ஏழு, சமம் எல்லாம் அந்த இரண்டுக்குப் பின்னாலேயே பொடிப்பொடியாக மேலே ஏறி உட்கார்ந்திருந்தன.

“கண்ணை மூடிக்கிட்டே எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோ டீச்சர்.”

“தட்டுற சத்தம் ஒண்ணு குறைஞ்சுதே. ஸ்டாப்ல நிறுத்தாம ஓட்டிட்டுப் போறீங்க. பஸ்ல ஏறின ஜனம் என்ன பாடுபட்டுச்சோ!”

அந்த ஜனத்தில் அவளும் ஒருத்தி. அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் கணக்குப் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். கல்யாணமான பிறகும் அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் டிரைவர். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

நோய் எலும்புவரை போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் விரல்கள் மடங்கவில்லை. ஆனாலும் தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, “இந்த ஒரு பரீட்சை பேப்பரை மட்டும் நானே செட் பண்ணிக் குடுத்துடறேன்” என்று கெஞ்சினாள். அவள் யாரிடமும் எதற்கும் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவே அவருக்கு என்னவோபோல் இருந்தது. உடனே, “நான் அடிக்கிறேன், நீ சொல்லு” என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, கேள்வித்தாள் அடிக்கப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த அந்தப் பாவிப்பய மென்பொருள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கணக்கு என்றால் அவருக்கு வேப்பங்காய். அடுக்கு, மூலம், பின்னம் என்றெல்லாம் சொன்னால் முழிப்பார். அதனால் அவள் வேறு பெயர் வைத்தாள். தலைமேல் ஏறும் எண் பரண். பின்னம் மாடிவீடு. அடைப்புக்குறி வேலி. வர்க்கமூலம் கூரை. எதையும் முதலில் வீடாகக் கட்டிவிட வேண்டும், அப்புறம்தான் குடிவைக்க வேண்டும். காலியான இடத்தில் மென்பொருளே புள்ளிக்கோட்டில் ஒரு குட்டிக் கட்டம் போட்டு வைத்திருக்கும். அதற்குள் எண்ணைப் போட்டால் கட்டம் மறைந்துவிடும்.

அன்று காலை கடைசிக் கணக்குக்கு வந்துவிட்டார்கள். அவள் குரல் தேய்ந்திருந்தது.

“கொஞ்சம் படுத்துக்கோயேன். சாயங்காலம் பார்த்துக்கலாம்.”

“ஒண்ணே ஒண்ணுதானே. சுலபமானது. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு நான் கடைசியில ஒண்ணு வைப்பேன்ல, அது. கூரை போடுங்க.”

“போட்டாச்சு.”

“வெளிய வந்து, சமம், அஞ்சு.”

“சரி.”

“இப்ப கூரைக்குள்ள போங்க. மூணு எக்ஸ். கூட்டல்…”

அவர் மூன்று எக்ஸ் அடித்தார். கூட்டல் அடித்தார். கூட்டலுக்குப் பின்னால் முளைத்த கட்டத்துக்குள் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் யோசிக்கும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் அவ்வளவுதான், எரிந்துவிழுவாள். விடை முழு எண்ணாக வர வேண்டும் அவளுக்கு. விடை கோணல்மாணலாக வந்தால், சரியாகப் போட்ட பிள்ளையும் தப்போ என்று பயந்து அதை அழித்துவிடும் என்பாள். அதற்காக எண்ணை மாற்றி மாற்றி மனதுக்குள் போட்டுப் பார்ப்பாள். அப்போதெல்லாம் இப்படித்தான், கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து வைத்திருப்பாள். அதனால் அவர் அசையவில்லை. நாற்காலி கிரீச்சிடுமோ என்று முதுகைக்கூடச் சாய்க்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறி ஆடை கட்டியது. திரை தானாக இருண்டது. அதை வெளிச்சமாக்க ஒரு விசையைத் தொட்டபோதுதான், அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“டீச்சர்?”

மகள் வந்துசேர மதியமாகிவிட்டது. வேறு ஊரில் தையல்கடை வைத்திருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“கடைசியா என்னப்பா சொன்னாங்க?”

“கூட்டல்னு சொன்னா.”

“என்னது?”

அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

“பக்கத்துலயே உட்கார்ந்திருந்தும் தெரியலையா? அம்மா போய்க்கிட்டு இருந்திருக்காங்க, நீங்க கணக்கு அடிச்சிட்டு இருந்தீங்களா?”

“யோசிக்கிறான்னு நெனச்சேம்மா.”

அவர் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்தார். வந்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம். கையையாவது பிடித்திருக்கலாம். எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் தலைமையாசிரியை கதவோரம் வந்து நின்றார். அழுது கண் சிவந்திருந்தது. கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

“இந்த நேரத்துல கேக்கறது தப்புதான் அண்ணே. நாளை மறுநாள் பரீட்சை. இன்னிக்கு அச்சுக்குப் போயாகணும். டீச்சர் எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. ஸ்கூல்லேர்ந்து ஆன்லைன்ல திறந்து பார்த்தோம், கடைசிக் கேள்வியில ஒரு கட்டம் காலியா இருக்குன்னு மென்பொருள் பேப்பரை ஏத்துக்க மாட்டேங்குது. அதை மட்டும் எடுத்துட்டு, நம்ம புது டீச்சர்கிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டுடட்டுமா?”

நியாயமான பேச்சுதான். ஆனாலும் அவருக்குப் பொறுக்கவில்லை. அது அவள் கெஞ்சி வாங்கிய பேப்பர். அவள் பேப்பரின் கடைசியில் இன்னொருத்தர் கணக்கா?

“கொஞ்சம் பொறுங்க மேடம். முழுசா அவ பேப்பராவே தர்றேன்,” என்றார். எந்த தைரியத்தில் சொன்னாரோ, அவருக்கே தெரியாது.

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை நகர்ந்ததும் உள்ளே வந்து, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“கூரையை எடுத்தா இந்தப் பக்கம் இருபத்தஞ்சு ஆயிடும். அப்ப மூணு எக்ஸும் இந்தக் கட்டமும் சேர்ந்து இருபத்தஞ்சு வரணும்.” மேஜை மேலேயே விரலால் எழுதிப் பார்த்தாள். “கட்டத்துல ஒண்ணு போட்டா எக்ஸ் எட்டுன்னு வருது.”

“முழு எண்ணா?”

“முழு எண்தான்.”

அவருக்கு உயிர் வந்தது. “அப்ப அதான்! ஒண்ணுதான்! போட்டுடலாம்.”

“இருங்கப்பா. நாலு போட்டாலும் விடை முழு எண்ணாத்தான் வருது. ஏழு.” மறுபடி எழுதினாள். “ஏழு போட்டா ஆறு. பத்து போட்டா அஞ்சு. இன்னும் போகுது.”

“அதுல எது அவளோடது?”

“எல்லாமே சரிதான்பா. எதைப் போட்டாலும் கணக்கு வரும்.”

அதுதான் அவரைக் கொன்றது. எதைப் போட்டாலும் சரி என்றால், அவள் நினைத்தது எது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அவளுக்கு டீயில் எத்தனை சர்க்கரை, எந்தப் பக்கம் படுத்தால் முதுகு வலிக்காது, எந்த மாத்திரைக்கு முகம் சுளிப்பாள், எல்லாம் தெரியும் அவருக்கு. நாக்கின் நுனிவரை வந்த ஒரு சின்ன எண் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்து என்னத்தைக் கிழித்தோம் என்று அவருக்குத் தோன்றியது. முகத்தைப் பொத்திக்கொண்டு, காலையிலிருந்து அழாத அழுகையை அழுதார். மகள் நாற்காலியை நகர்த்தி அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா,” என்றாள்.

கூடத்திலிருந்து யாரோ, “வண்டி வந்தாச்சு, எடுக்கலாமா?” என்று குரல் கொடுத்தார்கள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை மடியில் வாங்கிக்கொண்டார். கட்டத்துக்குள் கோடு கண்சிமிட்டியது. பழக்கத்தில், கட்டில் கிடந்த பக்கமாகத் தலையைத் திருப்பினார். இடம் வேண்டுமென்று கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்திருந்தார்கள்.

“எதைப் போடட்டும் டீச்சர்?” என்றார்.

மகள் சாய்த்திருந்த கட்டிலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“நாலு போடுங்க டிரைவர்.”

அவர் நாலு போட்டார்.