கோர்வை நின்ற ஞாயிறு

எங்கள் அப்பா தென்னேரியில், ஞாயிற்றுக்கிழமை கழனிக்கு வராமல் சர்ச்சுக்குப் போனதற்காகப் புளியமரத்தில் கட்டிவைக்கப்பட்டார். அடுத்த ஞாயிறும் போனார். அவருடைய விசுவாசத்தை விழிப்பாக வைத்திருக்க ஊரே உழைத்தது.

காஞ்சிபுரத்துக்குக் குடிவந்த எங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே யாரும் எங்களைக் கட்டிவைக்கவில்லை. பட்டுக்கடை முதலாளி கோதண்டபாணி என் அண்ணன் ராஜவேலுவை நம்பித் தன்னுடைய தறி ஒன்றை எங்கள் வீட்டில் போட்டார். எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். தெருவுக்குக் கரண்ட் வந்த கையோடு தறிக்கு மேலே ஃபேன் மாட்டினார். கிறிஸ்துமஸுக்கு அவரே கேக் அனுப்பினார். இவ்வளவு நல்ல மனிதரிடமிருந்து தப்பிப்பது எப்படி என்று எங்கள் சபையில் யாரும் பிரசங்கம் செய்ததில்லை.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. "இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்துக்க ராஜவேலு" என்றார் முதலாளி. அண்ணன் ஒப்புக்கொண்டான். அடுத்து வந்ததும் அதே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்கடுத்ததும். சர்ச் மணி அடிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் தறி அடித்தது. நான் இரண்டையும் கேட்காமல் தூங்கினேன். பி.ஏ. படிப்பவனுக்கு அது பெரிய காரியமில்லை.

கோர்வைப் புடவையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டு நூலும் இழைக்கு இழை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வான். அண்ணி அம்சா வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவாள். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும்.

அந்த ஞாயிறு அண்ணி எழுந்தாள். குளித்தாள். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் சர்ச்சுக்குப் போறேன்."

"இன்னாமே, வெளையாடறியா? நாளைக்குக் காலீல புடவயத் தறிலேர்ந்து அறுத்துக் குடுக்கணும்" என்றான் அண்ணன்.

"தெரியும்."

அண்ணன் வேதத்தைத் துணைக்கு அழைத்தான். சர்ச்சுக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் அவனுக்கு வேதம் நன்றாக நினைவுக்கு வந்தது. "குழில விழுந்த ஆட்ட ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு போதகரே சொல்லிக்கீறாரு."

அண்ணி தறிக்குழியைப் பார்த்தாள். அதில் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்திருந்த புருஷனையும் பார்த்தாள்.

"சரி, ஏறி வா."

அவன் ஏறவில்லை. என்னை எழுப்பி, முதலாளியைக் கூட்டிவரச் சைக்கிளில் விரட்டினான்.

கோதண்டபாணி நெற்றியில் ஈரம் காயாத நாமத்தோடு வந்தார். "இன்னாமா அம்சா, ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாக்கீது மொதலாளி."

"அப்பறம் இன்னா? சாமி எங்க போயிடப் போறாரு? அடுத்த வாரமும் அங்கதான இருப்பாரு."

"அவரு இருப்பாரு. நான்தான் இருப்பனான்னு தெரியல."

"ஐய, காலங்காத்தால இன்னா பேச்சுமா இது?"

"சாவறதச் சொல்லல மொதலாளி. இப்பிடியே போனா எனக்கு அங்க போவணும்ன்ற நெனப்பே இருக்காது. அதச் சொன்னேன்."

முதலாளி முக்காலியில் உட்கார்ந்தார். "உங்க சாமி எங்க சாமின்னு நான் பேதம் பாக்கறவன் இல்லமா. எல்லாம் ஒண்ணுதான்."

"கருட சேவை அன்னிக்குக் கடை தொறப்பீங்களா?"

"அது பெருமாள் விஷயம்."

"அதான் மொதலாளி."

அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, காலேஜ்லாம் படிக்கிற. நீ கொஞ்சம் அண்ணி எடத்துல உக்காரேன்."

"நான் உக்காந்தா கல்யாணமே நின்னுடும் மொதலாளி."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தாமலே அண்ணியிடம் சொன்னார்: "வாலாஜாபாத்ல ஒரு புருஷன் பொஞ்சாதி தறி கேட்டுக்கினு இருக்காங்க. நீ இப்ப உக்காந்தா ஒண்ணும் இல்ல. உக்காரலன்னா நாளைக்கு நம்ம கணக்குப்புள்ள ஆதிகேசவன் தறியப் பிரிக்க ஆளோட வருவான். எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"வரட்டும் மொதலாளி" என்றாள் அண்ணி. செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தூக்கம் கலைந்துவிட்டதால் நானும் கூடப் போனேன். இதை யாரும் மனந்திரும்புதல் என்று சபைப் பத்திரிகையில் போட்டுவிட வேண்டாம்.

சர்ச்சில் பாதி பெஞ்சுகள் காலி. முகூர்த்த மாதம். மீதிப் பாதியில் இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். போதகர் விழித்திருப்பதைப் பற்றி, யாரையும் எழுப்பிவிடாத குரலில் பிரசங்கித்தார். அண்ணி மட்டும் முழங்காலில் இருந்தாள். எல்லோரும் எழுந்தபோதும் அவள் எழவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு, அந்த வயதில் வரக்கூடாத ஒரு பயம் வந்தது. பாடிய பாட்டின் எல்லா வரியும் எனக்குத் தெரிந்தது. எதையும் நான் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது முதலாளி போய்விட்டிருந்தார். அண்ணன் குழியிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு விரற்கடைகூட நெய்திருக்கவில்லை.

"அம்சா," என்றான். "அப்பா கழனில எறங்கறதுக்கு மின்னாடி ஒரு ஜெபம் சொல்வாரே. நாம கூட மொதல்ல தறில உக்காரசொல்லோ தெனம் சொல்லிக்கினு இருந்தமே. அது எப்பிடி ஆரம்பிக்கும்?"

அண்ணி செருப்பைக் கழற்றி வைத்தாள்.

"எனக்கும் மறந்துபோச்சுபா. அதான் போனேன்."

அண்ணன் குழியை விட்டு ஏறினான். அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த ஜெபத்தைத் தேடினோம். நடுவிலிருந்து ஒரு துண்டு அண்ணிக்குக் கிடைத்தது, கடைசி வரி எனக்கு. ஆரம்பம் யாருக்கும் வரவில்லை. அண்ணன் ஆரம்பம் இல்லாமலேயே சொன்னான்.

மறுநாள் கணக்குப்பிள்ளை ஆதிகேசவன் நான்கு ஆட்களோடு வந்தார். அவரும் நல்ல மனிதர்தான். காஞ்சிபுரம் முழுக்க எங்களுக்கு நல்ல மனிதர்களாகவே வாய்த்திருந்தார்கள்.

"ராஜவேலு, மொதலாளிக்குத் தறிய எடுக்க மனசில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை உக்கார்றேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. நாங்க இப்பிடியே திரும்பிடறோம்."

அண்ணி சமையலறை வாசலில் நின்றாள். இந்த முறை அவள் பேசப் போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"இல்லண்ணே" என்றான் அண்ணன்.

"ஒரு ஞாயித்துக்கிழமக்காகவா பொழப்ப வுடற?"

"நீங்க ஒண்ணுதான் கேட்டீங்க. நாங்கதான் எல்லாத்தையும் குடுத்துக்கினு இருந்தோம்."

ஆதிகேசவன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தறியின் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தார்கள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, ஒருவன் அரிவாள் கேட்டான்.

"வெட்டாத, பட்டு பாழாப்பூடும்" என்று அண்ணன் அவனை விலக்கிவிட்டுக் குந்தினான். தானே முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி ஆதிகேசவன் கையில் கொடுத்தான்.