ஞானம்மாளின் ‘ஞா’

புதன்கிழமை காலை வெட்டிய முதல் ‘ஞா’ எலி கறித்த ரொட்டியைப் போல வந்தது. ராஜகுமாரி அதை மேசை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தாள். நேர்கோடுகளில் குறையில்லை. ‘ம’வின் அடிக்கோடு நூல் பிடித்தாற்போல் இருந்தது. வளைவு தொடங்கும் இடத்தில்தான் சிவப்பு வினைல் தாள் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது. ‘ள’வின் சுழியில் பாதி பின்தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

செவன் ஹில்ஸ் புறநகரில், டயர்க் கடைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் நடுவிலிருந்த அந்தப் பெயர்ப்பலகைப் பட்டறையில் அவள் சேர்ந்து நான்கு மாதம். யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவள். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் கோழித் தொழிற்சாலையில் நின்ற பிறகு, உட்கார்ந்து செய்யும் வேலை இதுதான் முதலில் கிடைத்தது. நிரந்தரமில்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை முதலாளி கீத் சுவரில் குத்தும் தாளில் பெயர் இருந்தால் அடுத்த வாரம் வேலை.

வெட்டும் மெஷினின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். பிசிறு குறையவில்லை. அழுத்தத்தைக் கூட்டினாள், கத்தி பின்தாளையும் சேர்த்துக் கீறியது. புதுக் கத்தி மாற்றினாள். அப்போதும் அப்படியே. கடைசியில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் வெட்டிப் பார்த்தாள். சதுரத்தின் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து முடியவில்லை. ஒரு மயிரிழை தள்ளி முடிந்திருந்தது.

அவளுக்கு அது புதுச் செய்தி அல்ல. கோடு வளையும்போது கத்தியும் தன் பிடிக்குள் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாமல் இழுபட்டால் இப்படித்தான் வரும். பிடி ஏன் இறுகியது என்பதும் அவளுக்குத் தெரியும். போன வியாழக்கிழமை அதைக் கழற்றித் துடைக்கும்போது கைதவறி சீமெந்துத் தரையில் விழுந்தது. கீத் வெளியே போயிருந்தான். எடுத்துத் துடைத்து, இருந்த இடத்தில் பூட்டிவிட்டாள். வெள்ளியும் திங்களும் செவ்வாயும் ஒரு கிடங்குக்கான அம்புக்குறிகளும் பட்டைகளும்தான் வெட்டினார்கள். எல்லாம் நேர்கோடு. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவனைக் கீத் ஒரே நாளில் அனுப்பிவிட்டான் என்று கேள்வி. மெஷினின் ரோலரை உடைத்ததற்காக இல்லையாம். உடைத்ததை மறைத்ததற்காக.

பத்து மணிக்குக் கீத் வந்து பிசிறடித்த எழுத்துகளைப் பார்த்தான். திரையையும் பார்த்தான். இந்த எழுத்தில் வளைவு மிதமிஞ்சி இருக்கிறது, மெஷின் என்ன செய்யும் என்றான். அவள் கிழிந்த எழுத்துகளை மேசையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். அந்த நேரம் வாடிக்கையாளரும் வந்து சேர்ந்தார்.

ஏசுதாசனுக்கு அறுபது வயதிருக்கும். நார்த்மீட்டில் அவரும் மனைவியும் சனிக்கிழமை ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை திறக்கிறார்கள். கண்ணாடிக் கதவில் மேலே மனைவி ஞானம்மாளின் பெயர் தமிழில், கீழே அதுவே ஆங்கிலத்தில். கீத் விஷயத்தைச் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நோ புரொப்ளம், இங்கிலிஷ் போதும் என்று இரண்டு தரம் சொன்னார். ஏதோ தான் செய்த பிழை போலச் சிரிக்கவும் செய்தார். பிறகு ராஜகுமாரியின் மேசைக்கு வந்தார்.

“பரவாயில்லைப் பிள்ளை. எங்கட எழுத்து இந்த மெஷினுக்குச் சரிவராதாம்.”

“அன்ரிக்குச் சொல்லிட்டீங்களா, அங்கிள்?”

“தமிழிலயும் வருதெண்டு சொல்லி வைச்சிட்டன். அவவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. பஸ் நம்பரைப் பாத்து ஏறுவா, அவ்வளவுதான்.” ஒரு ‘ஞா’வை எடுத்து விரலால் நீவிப் பார்த்துவிட்டு வைத்தார். “சரி, நான் போட்டு வாறன்.”

கதவு வரைக்கும் அவர் போவதை அவள் பார்த்தாள். அவர் கோபப்பட்டிருந்தால் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பாள்.

“அங்கிள், ஒரு நிமிஷம் நில்லுங்கோ.”

எழுந்து கீத்தின் அறைக்குப் போய், எழுத்தில் பிழை இல்லை, போன வியாழக்கிழமை பிடியைக் கீழே போட்டது நான், சொல்லாமல் விட்டதும் நான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியம். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

கீத் எழுந்தான். வந்து பிடியைக் கழற்றி, நகத்தால் கத்தியைச் சுழற்றினான். அரைச் சுற்றுக்கு மேல் அது போகவில்லை. பழைய மெஷின் ஒன்றிலிருந்து வேறு பிடியை எடுத்துத் தானே பூட்டினான். இந்தத் தரம் ‘ஞா’ ஒரே இழுப்பில் வந்தது. சுற்றியிருந்த தாளை ராஜகுமாரி உரித்தபோது சுழியின் உள்வட்டம் பொட்டுப் போலத் தனியே கழன்றது. ஏசுதாசன் மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது.

அன்று முழுக்கக் கீத் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை சுவரில் தாளும் குத்தவில்லை. “திங்கட்கிழமை பேசுவோம்” என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலை கீத்தும் அவளும் பட்டறையின் வான் வண்டியில் நார்த்மீட் போனார்கள். எழுத்துகளை அவள் ஒட்ட, கீத் அளவு பார்த்தான். மேல்தாளை உரித்து முடித்ததும் ஞானம்மாள் உள்ளேயிருந்து மாவுக் கையோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

“‘ள்’ கொஞ்சம் சரிஞ்சு கிடக்கோ?”

“இல்லை அன்ரி. நேராத்தான் கிடக்கு.”

“ஓம், நேர்தான்” என்று தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டது. கீத் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தான். வெயில் கண்ணாடிக்குள் புகுந்து பெயரின் நிழலை வெள்ளைத் தரையில் நீட்டி விட்டிருந்தது. இடியப்பத் தட்டுகளோடு ஞானம்மாள் அதைக் கடந்து போனாள். எழுத்துகள் அவள் சேலையில் ஏறி, முதுகுப் பக்கமாக வழுக்கி, மறுபடி தரைக்கு இறங்கின.