மீன்தொட்டிக்குப் பின்னால் ஒரு போத்தல்

மீன்தொட்டி அலமாரியைத் துடைக்கும்போதுதான் பிரேமலாவுக்கு அந்த வாடை அடித்தது. கள்ளு வாடை. ஹேமநாதனைக் கட்டிக்கொண்ட புண்ணியத்தில் அதை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பெரிய கோலா போத்தல் ஒன்று வந்தது. உள்ளே கலங்கிய தண்ணீர், மேலே நுரை. அதன் மூடியிலிருந்து தொட்டிக்குள் போன மெல்லிய குழாயைப் பிடுங்கிவிட்டு, அத்தனையையும் சிங்கில் கொட்டினாள்.

அவன் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இனி ஒரு சொட்டு தொட்டாலும் பெக்கான் நானாஸில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விடுவேன் என்று அன்றே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்தான். அழுதுகொண்டே பையில் துணிகளை அடுக்கினாள்.

குடியை விட்டபின் சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவன் தொட்டி வாங்கினான். மீனைவிடச் செடிமேல்தான் பைத்தியம். தண்ணீருக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழைத் தொங்கவிட்டு அதில் ஏதோ மருந்து ஊற்றியிருந்தான். மருந்து நீலமாக இருந்தால் செடி வளரத் தேவையான கரியமில கேஸ் போதவில்லை, மஞ்சளானால் மீன் மூச்சுத் திணறும், பச்சைதான் சரி. கம்பெனியிலிருந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பான். பெண்டாட்டி முகத்தை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருப்பானா மனுஷன்!

அன்றும் வந்து பார்த்தான்.

"நீலமாப் போச்சே," என்று முனகியபடி அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பிறகு வாசலில் இருந்த பையைப் பார்த்தான்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன். என்ன கதை சொல்லப் போறீங்க?"

"அது சீனியும் ஈஸ்ட்டும் போட்ட தண்ணி லா. புளிச்சா கேஸ் வரும், செடிக்கு. சிலிண்டர் வாங்க நம்மால முடியுமா?" போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். மலாய்க்காரப் பையன் ஒருவன் அதேபோன்ற போத்தலில் சீனியைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

பிரேமலாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அப்ப எதுக்கு என்கிட்ட ஒளிச்சீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"உன்கிட்ட ஒளிக்கல. அந்த வாடை எனக்கு ஆகல. புளிக்க ஆரம்பிச்ச அன்னைக்கே ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. அதான் இறுக்கி மூடி, என் கண்ணுல படாம பின்னால தள்ளிட்டேன்."

"குடிச்சீங்களா?"

"இல்ல."

இந்த இரண்டு வருஷத்தில் குடிக்கிற நினைப்பு வருகிறதா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அதெல்லாம் மறந்தே போச்சு என்று சிரிப்பான். அதை அவள் ஒரு தடவைகூட நம்பியதில்லை. இந்த 'இல்ல'வை நம்பினாள். அவன்மேல் பாசம் பொங்கி வந்தது.

மூக்கைச் சிந்திவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சீனி டப்பாவை எடுத்தாள்.

"எவ்வளவு போடணும்?"

"நான் கலக்கறேன், விடு."

"அங்கயே உக்காந்து சொல்லுங்க. உள்ள வராதீங்க. இனிமே போத்தல் என் வேலை, நீங்க கலரை மட்டும் பாருங்க."

கூடத்திலிருந்து அவன் அளவு சொல்லச் சொல்ல, கலக்கி, மூடியை முறுக்கி, குழாயை மாட்டினாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி முகர்ந்து பார்த்தாள். ஈஸ்ட் வாடை லேசாக இருந்தது. அது முழுசாகப் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவிவிட்டுத்தான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.