பைக்குள் இருந்த தாள்

ஒரு கப்பலைக் கைது செய்ய விலங்கு வேண்டாம். ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.

தாள் நான் வாங்கிக் கொடுத்தது. பசை கோந்துவினுடையது. கோந்து, நீதிமன்ற ஊழியர். இருபது வருடமாக உத்தரவுகளை ஒட்டி ஒட்டியே அந்தப் பெயர் வந்தது. உண்மைப் பெயரை அவர் வீட்டிலேயே மறந்திருப்பார்கள்.

நாங்கள் இருவரும் இப்போது படகில் அந்தக் கப்பலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். கைதாகி இருபத்தோரு நாள். ஜாமீன் கட்டினால் விடுதலை; கட்ட முடியவில்லை. நாளை காலை, கப்பலை ஏலம் விடுங்கள் என்று நான் வாதாட வேண்டும். அதற்கு முன்னால் கப்பலில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும்.

"என்ன வக்கீலம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? படகு ஒத்துக்கலையா?" என்றார் கோந்து.

"ஆமா, ஒத்துக்கலை."

பொய். ஒத்துக்கொள்ளாதது படகு அல்ல. என் தோள்பையின் உள்ளறையில் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு தாள்.

வழக்குப் போட்டவர் என் தாய்மாமா. கப்பல்களுக்கு எண்ணெய் சப்ளை செய்கிறவர். ஒரு முதலாளியின் கப்பலுக்கு எண்ணெய் ஊற்றினார். பணம் வரவில்லை, கப்பலும் கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டது. அதே முதலாளியின் வேறொரு கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் அதைப் பிடிக்கலாம், சட்டத்தில் இடமுண்டு. வந்தது. ஆனால் பிடிக்கிற நாளில் அது அந்த முதலாளியின் சொத்தாக இருக்க வேண்டும்.

இல்லை. அதன் கேப்டனே அதை வாங்கிவிட்டிருந்தார். 'கப்பல் இனி என்னுடையது. எண்ணெய் பில்லை இனி என் பெயருக்குப் போடவும்' என்று வெள்ளந்தியாக மாமாவுக்கே கடிதம் கொடுத்திருந்தார். கடிதத்தின் தலையில் மாமா ஆபீஸின் ரப்பர் ஸ்டாம்ப். தேதி, நான் மனு போட்டதற்கு ஆறு நாள் முன்பு.

"இது மட்டும் கோர்ட்டுக்கு வேணாம் கண்ணு," என்று மாமா காகிதக் கட்டிலிருந்து உருவி நீட்டினார். "ஆபீஸ்ல கிடந்தா நாலு பேர் பாப்பாங்க. நீயே வெச்சுக்க."

அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்த கை. வாங்கிக்கொண்டேன்.

எதிராளி இல்லாமல் நடக்கும் விசாரணையில் வக்கீலுக்கு ஒரு கடமை உண்டு. நமக்குப் பாதகமானதையும் நாமே சொல்லிவிட வேண்டும். அன்று நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?"

"இல்லை மேடம்."

அவ்வளவுதான். கோந்து பசையைக் கலக்கினார்.

பிறகு கேப்டன் ஒரு வக்கீலோடு வந்து விற்பனைப் பத்திரத்தைக் காட்டினார். பதிவேட்டில் இன்னும் பெயர் மாறியிருக்கவில்லை. 'கைதுக்குப் பிறகு முன்தேதி போட்டுத் தயாரித்த பத்திரம்' என்று வெளுத்து வாங்கினேன். ஜாமீனையாவது குறையுங்கள் என்றார்கள். அதற்கும் விடவில்லை. முழுத் தொகைக்கும் ஜாமீன் நிர்ணயமானது. மாமா போனில், "என் வளர்ப்பு சோடை போகலை!" என்றார்.

கயிற்று ஏணியில் தொற்றி ஏறினோம். மேலே சுக்கான் அறையில், முன்பக்கக் கண்ணாடியில் என் தாள். சுற்றிலும் கண்ணாடி பளிங்காக மின்னியது.

"தினமும் துடைக்கிறோம்," என்றார் கேப்டன். ஒல்லியான மனிதர், சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. "அந்தத் தாள் மேல மட்டும் துணி படாம. கோர்ட்டுக் காகிதமாச்சே. ஓரம் பிஞ்சாலும் நாங்க கிழிச்சோம்னு ஆயிடும்."

"என் பசைங்க. புயலே அடிச்சாலும் அசையாது," என்றார் கோந்து பெருமையாக.

"வாஸ்தவம். நாங்களும் அசையலையே!"

சமையல்காரர் டீ கொண்டுவந்தார். எங்களுக்கு முழுக் கோப்பை, கேப்டனுக்குப் பாதி.

"ஏம்ப்பா, எனக்கு மட்டும் ஓரவஞ்சனை?"

"தண்ணிப் படகு வர இன்னும் நாலு நாள் இருக்கு சார். விருந்தாளிக்குத்தான் முழுசு."

"விருந்தாளியா? நம்மளக் கைது பண்ணவங்கய்யா!"

"அதுக்கு? வீடு தேடி வந்தவங்கதானே சார்."

கோந்து விழுந்து விழுந்து சிரித்தார். நான் குடித்தேன்.

கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க கட்சிக்காரருக்கு நானே நேர்ல போய் ஒரு லெட்டர் கொடுத்தேன். வாசல்ல இருந்த பொண்ணு டப்புனு ஸ்டாம்ப் அடிச்சு உள்ள எடுத்துட்டுப் போச்சு. ஒரு நகல் வாங்கிக்கணும்னு புத்தி வேலை செய்யலை. அது கிடைச்சா போதும்ங்கறார் எங்க வக்கீல். உங்க கண்ணுல பட்டுதாம்மா?"

பை என் மடியில் இருந்தது.

"தேடிப் பாக்கறேன்," என்றேன்.

"பாருங்கம்மா. நானும் என் மச்சானும் குடியிருந்த வீட்டை வித்து வாங்கினது இது."

கரைக்குத் திரும்பியதும் மாமா போன். "நாளைக்கு முடிஞ்சிரும்ல? அந்தத் தாளைக் கிழிச்சுட்டியா?"

"இன்னும் இல்ல மாமா."

"கிழிச்சுடு. உன்ன நம்பித்தானே இருக்கேன்."

கிழிக்கத்தான் எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். தாளின் ஓரம் பிய்யாமல் கண்ணாடி துடைக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மடித்து மறுபடி உள்ளே வைத்தேன்.

காலையில் மாமா பின்வரிசையில், சலவைச் சட்டையில். என் வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"ஏல மனுதானே? சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"அதுக்கு முன்னால இதைப் பாருங்க மேடம்."

படித்தார். ஸ்டாம்ப்பை இன்னொரு முறை படித்தார். "இது உங்க கைக்கு எப்ப வந்தது?"

"முதல் நாளே. வேற ஏதாவது சொல்லணுமான்னு நீங்க கேட்டப்ப, என் பையிலதான் இருந்தது."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமா வாசலைத் தாண்டியிருந்தார்.

பத்தே நிமிடம். ஜாமீன் இல்லாமலே கப்பலுக்கு விடுதலை. என் தொழில் உரிமத்தை ஏன் பறிக்கக் கூடாது என்று எனக்கு நோட்டீஸ்.

தாழ்வாரத்தில் கேப்டன் என்னை நோக்கி வந்தார். நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"எங்கம்மா கிடைச்சுது?"

"தேடவே இல்ல சார். என்கிட்டயேதான் இருந்தது."

"நேத்துக் கப்பலுக்கு வந்தப்ப?"

"பையில."

"டீ குடிச்சப்ப?"

"மடியில."

பையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கோந்துவிடம் திரும்பினார்.

"வாங்க. உங்க தாளை நீங்களே வந்து உரிச்சிடுங்க. நாங்க கை வைக்கக் கூடாதில்ல?"

இருவரும் படியிறங்கிப் போனார்கள்.