தீவு எங்கே போயிடும்

என் முடி முழங்காலைத் தொட்டதற்கு வாப்பாதான் காரணம். எனக்கு ஒரு வயதில் காய்ச்சல் முற்றியபோது, ராமநாதபுரம் கடலில் குட்டித் தீவொன்றின் தர்காவில் அடங்கியிருக்கும் அவ்லியாவிடம் உம்மா நேர்ந்துகொண்டாள்: "பிள்ளை பிழைச்சா, இனி இவ முடியில கத்திரி படுறது உங்க காலடியிலதான்." நான் பிழைத்தேன்.

வாப்பா ஷேக் முகைதீனுக்கு புனேயில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. கடலோரம் பிறந்தவர்தான், ஆனால் படகேறினால் குமட்டும். அதை வெளியே சொல்ல மாட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் தீவுக்குப் போகலாமா என்று உம்மா கேட்பாள். "தீவு எங்கே போயிடும்? அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார். இப்படியே இருபது வருஷம் ஓடியது.

படிப்பு முடிந்து புனே பக்கம் சாகணில் கார் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. முடி தொப்பிக்குள் அடங்கவில்லை. அடங்காமல் மெஷின் பக்கம் வராதே, வேலையும் கிடையாது என்றார் சூப்பர்வைசர். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். உம்மா வீட்டிலிருந்த கத்திரியை ஒளித்துவைத்தாள்.

வேறு வழியின்றி வாப்பா ஊரில் பாட்சா மாமாவுக்கு போன் செய்தார். "அந்தத் தீவா? அது முழுகிப்போச்சே மச்சான். பவளப்பாறையப் பூரா வெட்டி எடுத்தாங்க, மிச்சத்தை அலை தின்னுருச்சு" என்றார் மாமா.

வாப்பா போனை வைத்துவிட்டு மாமா சொன்னதை உம்மாவிடம் சொன்னார். உம்மா பெட்டி கட்டினாள். "தீவுதானே போச்சு. அவ்லியா எங்க போயிருவாங்க?"

நடுக்கடலில் படகோட்டி அந்தோணி இன்ஜினை நிறுத்தி, "இங்கதான்" என்றார். "இல்ல, இன்னும் கிழக்க" என்றார் மாமா. இருவரும் விடுவதாக இல்லை. வாப்பா படகு விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். உம்மா என் ரெட்டைச் சடையில் ஒன்றை அந்தோணி சொன்ன இடத்தில் வெட்டினாள், மற்றதை மாமா சொன்ன இடத்தில். எப்போது தொலையும் என்று நான் காத்திருந்த முடிதான். தண்ணீரில் விட்டதும் எட்டிப் பிடிக்கக் கை நீட்டிவிட்டேன்.

முடி இப்போது தொப்பிக்குள் அடங்குகிறது, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் குட்டை. வாப்பா "அடுத்த வருஷம்" என்று சொல்வதே இல்லை. கொத்தமல்லி தீர்ந்துவிட்டது என்று உம்மா முணுமுணுத்தால் போதும், செருப்பை மாட்டிவிடுகிறார்.

"உக்காருங்க. கடை எங்க போயிடும்?" என்கிறாள் உம்மா.

அவர் உட்காருவதில்லை.