பத்தாம் அதிகாரம்

காலை ஆறு மணிக்கு வேதாகமத்தைத் திறந்தவர், அன்றைய பகுதி எதுவென்று பார்த்ததும் மூடிவிட்டார். லேவியராகமம், பத்தாம் அதிகாரம்.

"என்னங்க, மூடிட்டீங்க?" என்றாள் மனைவி. முக்காடு போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து கேட்கத் தயாராக இருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தொரு வருஷமாக அவர் வாசிப்பார், அவள் கேட்பாள். மகனை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் வாசித்தார்கள். இதையும் நிறுத்திவிட்டால் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போய்விடும் என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

"இன்னிக்கு சங்கீதம் ஏதாவது வாசிக்கட்டுமா?"

"வரிசை மாறக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. வாசிங்க."

காகித ஆலையில் அவர் பாய்லர் ஆபரேட்டர். மகனையும் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அடுப்பில் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் மின்விசிறி மூன்று வாரமாகத் திக்கித் திக்கித்தான் ஓடியது. மேலாளரிடம் இரண்டு தடவை வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் மகன் அடுப்புக் கதவைத் திறந்தான். நெருப்பு வெளியே வந்தது. விசாரணையில், விதியை மீறிக் கதவைத் திறந்தது பையனின் தவறு என்றார்கள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரைக் கேட்டார்கள். ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி. மின்விசிறியைப் பற்றிச் சொல்லாமல் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையே சம்மதமாக எழுதிக்கொண்டார்கள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். பிரதான ஆசாரியனின் மகன்களில் இரண்டு பேர், தங்களுக்குக் கட்டளையிடாத நெருப்பைத் தூபகலசத்தில் போட்டு எடுத்துக்கொண்டு கர்த்தருக்கு முன்னால் போனார்கள். அவருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டு அவர்களைத் தின்றது. தம்மிடம் நெருங்கி வருகிறவர்களிடத்தில் தம்முடைய பரிசுத்தம் விளங்க வேண்டும், ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகத் தாம் மகிமைப்பட வேண்டும் என்று கர்த்தர் சொல்லியிருந்தாராம்.

வருஷா வருஷம் வாசித்த பகுதிதான். மகிமை என்றால் மேகம் விலகி வெயில் விழுவது போல என்று எண்ணியிருந்தவர் அவர். சபையில் 'பரிசுத்தர், பரிசுத்தர்' என்று பாடும்போது கண் கலங்கி, கைக்குட்டையைத் தேடுவார். இப்போது அந்தச் சொல் முகத்தில் அனலாக அடித்தது. செத்தவர்களைப் போட்டிருந்த அங்கியோடே தூக்கிப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். மகனின் காக்கிச் சட்டையில் காலர் மட்டும் கருகாமல் இருந்தது.

"அப்பாக்காரர் என்ன சொன்னாரு?" என்றாள் அவள்.

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேவா?"

"பேசாம இருந்தார்னுதான் போட்டிருக்கு."

அவள் அவரையே பார்த்தாள். விசாரணை நாளைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதாவது கேட்கட்டும், திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"அந்தப் பிள்ளைங்களோட அம்மா?"

அவர் முந்தின பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். தகப்பன் துணியைக் கிழித்துக்கொண்டு அழக் கூடாது என்று இருந்தது. பலியிட்ட ஆட்டுக்கடாவை எங்கே வைத்துச் சாப்பிட வேண்டும் என்றுகூட இருந்தது.

"எழுதலைம்மா."

"பத்து மாசம் சுமந்தவளை எழுதலையா?"

"இல்லை."

"அவ்ளோ பரிசுத்தமானவருக்கு, அவ அழுதது கேட்டிருக்காதா?"

சபையில் இருபது வருஷம் பிறருக்கு ஆறுதல் சொன்னவர் அவர். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். தெருமுனையில் ஆலைப் பேருந்து ஹாரன் அடித்தது, கொஞ்சம் நின்றது, போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அவர் பேசாம இருந்தார்னு சொன்னீங்களே, அது எந்த வரி?"

விரல் வைத்துக் காட்டினார். அவள் புத்தகத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த வரி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் இருந்த வெள்ளை இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். அந்த அம்மாவை அதற்கடியில் தேடுபவள் போல நகத்தால் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தாள். மெல்லிய தாள் முதலில் சுருங்கியது. பிறகு நூல் பிரிவது போல வெண்மையாகப் பிரிந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் விரல் நிற்கவில்லை.