மற்றவர்கள் வரிசை

2024ஆம் ஆண்டு நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் கொட்டிய மழை விட்டிருந்தது. ஆனாலும் மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் வானம் வெளுக்கவில்லை. பதிவு இலாகாவின் பின்புறத்தில், வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்த இடத்தில், ஒரு தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றது. நாற்பது பேர் அமரக்கூடிய அந்த வண்டியில் ஓட்டுநரைத் தவிர ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். அவள் பெயர் ஷாமளா. ஓட்டுநர் சத்தியசீலன் அவளுடைய தந்தை.

கூலிம் தொழிற்பேட்டையின் இரவு வேலைக்காரர்களை அவரவர் வீட்டருகே இறக்கிவிட்டு, செமிலிங்கில் மகளை ஏற்றிக்கொண்டு, சீருடையைக்கூட மாற்றாமல் அவர் நேரே வந்திருந்தார். மெர்போக் ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதைத் தவிர வழியில் அவர் எதுவும் பேசவில்லை.

ஷாமளாவின் மடியில் ஒரு பக்கக் கடிதம் இருந்தது. மலாயில் அவளே எழுதியது. மகளுக்குக் குடியுரிமை கோரி ஆறு ஆண்டுகளுக்கு முன் தாம் கொடுத்த மனுவை மீட்டுக்கொள்வதாகச் சத்தியசீலன் தெரிவிக்கும் கடிதம். மனு கொடுத்தபோது அவளுக்குப் பதினாறு வயது. ஆகவே மனுதாரர் தந்தை. இன்று அவளுக்கு இருபத்திரண்டு. இருந்தாலும், மனுவை மீட்கும் உரிமை அவருக்கே உண்டு. கடிதத்தின் கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

அவளுக்கு ஏன் குடியுரிமை இல்லை என்பது சுற்றத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவள் தாய் புஷ்பவள்ளி மேடானில் பிறந்த தமிழ்ப்பெண், இந்தோனேசியப் பிரஜை. பீடோங்குக்கு அருகிலிருந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ஊர் கூடி நிற்க, சத்தியசீலன் அவளுக்குத் தாலி கட்டினார். அந்தத் தோட்டத்தில் திருமணங்களைப் பதிவு செய்வதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனித் திருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிர்வாகத்தினர் பதிவாளரை அழைத்து வருவார்கள். அவ்வாண்டில் தாலி கட்டிக்கொண்ட இணைகள் எல்லாம் கல்யாணப் புடவையையும் வேட்டியையும் மறுபடி உடுத்திக்கொண்டு வரிசையாக நின்று கையெழுத்திடுவார்கள். பிறகு கேசரியும் தேநீரும் உண்டு. தனியாகப் பட்டணம் போய்ப் பதிவது, ஏதோ மறைக்க வேண்டியது இருப்பவர்கள் செய்யும் காரியமாகக் கருதப்பட்டது.

பதிவாளர் வந்துபோன அடுத்த மாதத்தில்தான் சத்தியசீலனின் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் எல்லாரோடும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். யாரும் மறுக்கவில்லை. தாலி கட்டியது ஊருக்குத் தெரியும். புத்தகத்தில் எழுதுவது அரசாங்கத்துக்காக. அரசாங்கம் காத்திருக்கும் என்று நம்பினார்கள். அடுத்த பங்குனிக்குள் தோட்டம் வீடமைப்புக்காரர் கைக்குப் போயிற்று. கோயிலை எங்கே மாற்றுவது என்ற வழக்கில் அவ்வாண்டுத் திருவிழா நின்றது, பதிவாளரும் வரவில்லை. குழந்தை மட்டும் வந்தது. அதன் பிறகு இருவரும் பட்டணத்துக்கு ஓடிப் பதிந்துகொண்டார்கள். ஆனால், பதிவுத் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை தாயின் நாட்டைச் சேர்ந்தது என்றது சட்டம். ஷாமளாவுக்கு நீல அடையாள அட்டை கிடைக்கவில்லை; குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய பச்சை அட்டை கிடைத்தது.

பச்சை அட்டையோடு அவள் எல்லாப் பரீட்சைகளையும் எழுதினாள். அரசாங்கப் பல்கலைக்கழகம் அவளை ஏற்காததால், பினாங்குப் பெருநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அனைத்துலக உறவுகள் என்னும் பட்டப்படிப்பு. தாதியர் படிப்பையோ கணக்கியலையோ எடுக்காமல் இது எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். ஒருநாள் வெளியுறவு அமைச்சில் அமர்ந்து இந்த நாட்டுக்காகப் பேச வேண்டும் என்பதே அவளுடைய விருப்பம். அதை அவர்களிடம் சொல்வது அவளுக்கு அடக்கமற்றதாகப் பட்டது. சம்பளம் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

முதல் பருவத்திலேயே ஒரு நாட்டுக்குரிய தகுதிகள் நான்கு என்று படித்தாள்: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். மற்றவர்கள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தார்கள். அவள் நான்காவது தகுதிக்குக் கீழே கோடிட்டு, பிறகு அந்தக் கோட்டை அழித்தாள். இரண்டாம் ஆண்டில் நாடற்றோர் பற்றிய பாடம் வந்தபோது, விரிவுரையாளர் புவனேஸ்வரன் அதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு முன்னதாகவே வகுப்பைக் கலைத்தார். அதைக் கருணை என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஷாமளா அன்றே நூலகத்துக்குப் போய், அவர் விட்ட பகுதியை முழுமையாகப் படித்தாள்.

வகுப்பில் நடத்தும் மாதிரி மாநாடுகளில் எந்த நாட்டின் பெயர்ப்பலகையை அவள் முன் வைத்தாலும் அந்நாட்டின் நியாயத்தைப் பிசிறில்லாமல் பேசுவாள். நார்வேக்காகப் பேசினாள், பெருவுக்காகப் பேசினாள். ஒருமுறை இந்தோனேசியாவுக்காக, நீரிணையில் பிடிபட்ட மீனவர்களை விடுவிக்கக் கோரிப் பேசி, மலேசியாவாக அமர்ந்திருந்த அலோர் ஸ்டார் ஊர்க்காரன் யோகேஸ்வரனை வாயடைக்க வைத்தாள். வெளியே வந்ததும் அவன் தோல்வியைச் சிரிப்பாக மாற்றப் பார்த்தான்.

“ஒனக்குன்னு ஒரு நாடு இல்லல்லா ஷாமு, அதான் எல்லா நாட்டுக்கும் வக்காலத்து வாங்குற.”

சொல்லி முடித்த பிறகே என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அன்று அவளுக்கு மீ கோரெங் நூடுல்ஸும் தே ஓ ஐஸ் தேநீரும் வாங்கிக் கொடுத்தான். அவளும் சாப்பிட்டாள், அவன் சொன்னது பிழையென்று அவளால் வாதாட முடியவில்லை.

ஷாமளாவின் தாய் அப்போது வீட்டில் இல்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அண்ணன் இறந்த செய்தி கேட்டு மேடானுக்குப் போனவளை நோய்த்தொற்றுக் காலம் அங்கேயே அடைத்துவிட்டது. எல்லைகள் திறந்தபோது கணவர் வழியில் அவள் பெற்றிருந்த விசா காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க ஆகவேண்டியவற்றைச் செய்வதற்குள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியவள் எங்கேயும் பயணப்பட முடியாது. பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சத்தியசீலன் இரண்டு முறை போய்வந்தார். கடப்பிதழ் இல்லாத ஷாமளா இரண்டு முறையும் விமான நிலையக் கண்ணாடிக் கதவு வரையில் போனாள்.

தாயும் மகளும் கைப்பேசித் திரையில்தான் சந்தித்தார்கள். சென்ற மாதம் மேடானிலிருந்து சின்ன மாமா அழைத்து, பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச்சொல்லும்படி டாக்டர் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். மறுநாளே ஷாமளா பினாங்கிலுள்ள இந்தோனேசியத் தூதரக அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அவளைக் கனிவாக நடத்தினார்கள். தாய் எங்கள் பிரஜையென்றால் நீயும் எங்கள் பிள்ளைதான். ஒரு வாரத்தில் கடப்பிதழ் தருகிறோம். ஆனால் வேறொரு நாட்டின் குடியுரிமைக்கு மனு நிலுவையில் இருக்கக் கூடாது என்றார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவளைத் தங்கள் பிள்ளை என்று ஓர் அலுவலகம் சொன்னது அதுவே முதல் முறை. அது சரியான அலுவலகமாக இல்லை என்பதுதான் குறை.

அன்று மாலை தாயிடம் சொன்னாள். புஷ்பவள்ளி தலையணையில் சாய்ந்தபடியே கையை அசைத்து மறுத்தாள்.

“வேணாம் கண்ணு. நீல கார்டு வர்ற நேரத்துல கெடுத்துக்காத. நான்தான் ஒன்ன டெய்லி பாக்குறேன்ல. இன்னைக்குக்கூட மஞ்ச சட்டை போட்டுருக்க, நல்லாருக்கு.”

ஷாமளா அப்போது கறுப்புச் சட்டை அணிந்திருந்தாள். தாயின் கண்கள் திரையைப் பார்க்கவில்லை; திரைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. சர்க்கரை நோய் பார்வையையும் எடுத்துக்கொண்டுவிட்டது. எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை. ஆமாம்மா, புதுச் சட்டை என்றாள்.

கடிதத்தை அன்றிரவே எழுதினாள். தந்தை அதை வாசித்துவிட்டு மடித்துத் திரும்பக் கொடுத்தார். தலைமை அலுவலகம் இருக்கும் புத்ராஜெயாவில் கோப்பு மேலே போய்விட்டதாக அவருக்குச் செய்தி வந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று மாதங்களில் முடிவு தெரியும் என்றார். அம்மாவிடம் அத்தனை மாதங்கள் இல்லை என்றாள் மகள். இன்று காலை வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார். கையெழுத்திடுகிறேன் என்று சொல்லவில்லை.

உள்ளே கூடம் நிறைந்திருந்தது. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறையாதலால் வியாழக்கிழமைகளில் எப்போதும் கூட்டம்தான். வியாழக்கிழமைக்குரிய பூப்போட்ட பாத்தேக் சட்டைகளில் அலுவலர்கள் விசேஷ வீட்டுக்காரர்களைப் போலத் தோன்றினார்கள். எண் சீட்டை எடுத்துக்கொண்டு இருவரும் கடைசி வரிசையில் அமர்ந்தார்கள். அவள் பேனாவையும் கடிதத்தையும் தந்தையின் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு எண்களைக் காட்டும் பலகையைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம வந்து குடுத்துருவோமே. நடுவுல ரெண்டு நாள்தானே.”

“அன்னைக்கும் இதத்தானேப்பா சொன்னீங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. முன்வரிசையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சத்தியசீலன் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். கல்யாணப் பதிவைத் தள்ளிப்போட்டதைக் குத்தும் அந்தச் சொல்லை அவள் வாழ்நாளில் அதுவரை சொன்னதில்லை. வீட்டில் யாருமே சொன்னதில்லை. அது உண்மையென்பதாலேயே எல்லாரும் அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தார்கள்.

அவர்களுடைய எண் பலகையில் மின்னியது, பெண்குரல் இரண்டு முறை அழைத்தது, எண் மாறியது. ஷாமளா போய்ப் புதிய சீட்டு எடுத்துவந்தாள். பின்புறத்துச் சன்னலின் வழியே பேருந்தின் கூரை மட்டும் தெரிந்தது. மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று அவள் காதுகொடுத்தாள். கேட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள். மாநாட்டு வகுப்பில், எதிர்த் தரப்பு எழுந்து வெளியே போய்விட்டால், அது திரும்பி வருவதற்கான இருக்கையைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்று கற்பித்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார வந்த ஒரு பெரியவரிடம், ஆள் இருக்கிறது என்றாள்.

அவர் திரும்பி வந்தபோது சீருடையில் இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அணியும் வெள்ளை முழுக்கைச் சட்டை. பேருந்துக்குள் மாற்றியிருக்க வேண்டும். நெடுநேரம் மடித்துவைத்த கோடுகள் அதில் தெரிந்தன. தலைமுடியை ஈரம் தொட்டு வாரியிருந்தார். வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே அந்தச் சட்டையைப் பையில் வைத்திருந்திருக்கிறார். இரண்டாவது எண் வந்தது. இருவரும் கவுண்டர் முகப்புக்குப் போனார்கள்.

முகப்பில் இருந்த பெண்ணின் பெயர் ஃபாத்தின் என்று மார்புப் பட்டை சொன்னது. ஷாமளாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். கடிதத்தை இருமுறை வாசித்தாள். கணினியில் கோப்பைத் தேடிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வயது இருபத்தொன்றைக் கடந்துவிட்டதால் இந்த வழியில் இனிமேல் மனுச் செய்ய முடியாது, நிலுவையிலுள்ள இந்த மனு ஒன்றுதான் இருக்கிறது என்று விளக்கினாள். ஷாமளாவுக்கு அந்த விதி எண்ணோடு தெரியும். தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

“பிக்கிர் டுலு, டிக்,” என்றாள் ஃபாத்தின். யோசித்துக்கொள் தங்கை என்று அவள் சொன்னது விதியில் இல்லாத வாக்கியம். பிறகு சத்தியசீலனைப் பார்த்து, பாக்சிக், பெரியவரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

அவர் மகளிடம் தமிழில் கேட்டார்.

“பாத்துட்டுத் திரும்பி வர்றப்ப, ஏர்போர்ட்ல எந்த வரிசையில நிப்ப?”

“மத்த நாட்டுக்காரங்க வரிசையிலப்பா.”

“அது நீளமா இருக்கும்.”

“இருக்கும்.”

“பாஸ் முடிஞ்சா அனுப்பிருவாங்க.”

“படிப்பு முடியுற வரைக்கும் குடுப்பாங்கப்பா. அப்புறம் தெரியல.”

அவர் தலையசைத்தார். அலுவலகப் பேனா சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டு, மகள் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதுவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்தார்.

“நீ வர்றப்ப நான் ஏர்போர்ட்டுக்கு வெளிய நிக்குறேன்,” என்றார். “எவ்வளவு நேரமானாலும் நிக்குறேன்.”

சத்தியசீலன் தம் முழுப்பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே தேதிக்கான கோடு இருந்தது. இன்று என்ன தேதி என்று கேட்டார். பதினான்கு என்றாள் ஷாமளா. அவர் அதையும் எழுதி, ஒருமுறை சரிபார்த்து, மை காய்வதற்காகச் சற்றுப் பொறுத்து, கடிதத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். ஃபாத்தின் அதை இரண்டு கைகளாலும் பெற்றுக்கொண்டாள்.